பூக்குழிக்குப் போய்த் திரும்பிய அம்மன்

போன வாரம், அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்த உங்களில் ஒருவர் என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டார். "மேடம், ஒரே பொருளுக்கு ரெண்டு தரப்பு உரிமை கேட்டு வந்து நின்னா என்ன செய்றது?" என்றார். கையேட்டைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. அந்தக் கையேட்டை எழுதியவளே நான்தான். அதில் இதற்குப் பதில் இல்லை என்பது என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆகவே அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்?

சமயக் கலைப் பொருள்களைப் பாதுகாப்பது என்றால் ஈரப்பதத்தோடும் பூச்சியோடும் துருவோடும் மல்லுக்கட்டுவது என்று படித்துவிட்டு வந்திருப்பீர்கள். அதெல்லாம் சாதுவான எதிரிகள். ஈரப்பதம் வக்கீலைக் கூட்டிக்கொண்டு வராது. கரையான் கோயில் கமிட்டித் தேர்தலில் நிற்காது. நம் வேலை உண்மையில் கடினமாவது மனிதர்கள் வாசலில் வந்து நிற்கும்போதுதான்.

பிரிக்பீல்ட்ஸில் நம் அருங்காட்சியகம் இப்போதிருக்கும் கட்டடத்துக்கு வந்த புதிதில், ஊர்வலம் போகும் தெய்வ உருவங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினோம். தேரிலும் பல்லக்கிலும் தோளிலும் தெருவுக்கு வருகிற உருவங்களை எல்லாச் சமயத்தாரிடமும் இரவல் கேட்டு வாங்கினோம். அப்போது பொருள் பாதுகாப்புப் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். கிள்ளான் பக்கமிருந்த ஒரு மாரியம்மன் கோயில் தன் உற்சவர் அம்மனைக் கொடுத்தது. ஐம்பொன் சிலை. சின்னக் குழந்தை ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்தால் இருக்கும் உயரம். தீமிதித் திருவிழாவுக்கு முன்னால் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது பேச்சு.

இடையில் கோயிலில் தேர்தல் வந்தது. நம்மூர்க் கோயில் தேர்தலைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாக்குகளை எண்ணி முடித்தபோது கோயிலுக்கு இரண்டு தலைவர்கள் இருந்தார்கள். ஒருவர் லோரி கம்பெனி முதலாளி. இன்னொருவர் ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர். லோரிக்காரர், வாத்தியார் என்றே இங்கே சொல்கிறேன். இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். இருவரும் நமக்கு வக்கீல் மூலம் எச்சரிக்கை அனுப்பினார்கள்: அம்மனை எதிர்த்தரப்பிடம் கொடுத்தால் உங்கள் மீதும் வழக்கு. நம் வக்கீல், இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலொழிய ஒப்படைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மற்றவர் இறங்கி வருவார் என்று இருவருமே காத்திருந்தார்கள். அப்படியே தீமிதி நாள் வந்துவிட்டது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் பூசாரி கூப்பிட்டார். அவர் எந்தக் கட்சியும் இல்லை. கோயிலில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். அம்மனைக் கண்காட்சிக்கு அனுப்பியபோது, "அம்மாவைப் படுக்க வெச்சுக் கொண்டுபோகக் கூடாது, பொணத்தத்தான் படுக்க வெப்பாங்க" என்று என்னிடம் சண்டை பிடித்து, நிமிர்ந்து உட்காரும்படி பெட்டி செய்ய வைத்தவர். அன்றைக்கு அவர் குரலில் சண்டை இல்லை.

"அக்கா, குழி பத்த வெச்சாச்சு. கட்ட எல்லாம் எரிய ஆரம்பிச்சிருச்சு. சாயங்காலம் எறங்கணும். அம்மா குழிக்கு நேரா வந்து ஒக்காந்தாத்தான் நான் கால வெப்பேன். நான் எறங்கலன்னா பின்னால யாரும் எறங்க மாட்டாங்க. காப்பு கட்டிப் பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்குற சனத்துக்கு நான் என்னாக்கா பதில் சொல்றது?"

"தலைவருங்க என்ன சொல்றாங்க?"

"ரெண்டு பேருமே, நான் கொண்டாந்துடுறேன்னு சொல்லிட்டு அங்கதான் கெளம்பியிருக்காங்க. தனித்தனியா."

தனித்தனியாக என்றவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. கைப்பேசியை வைப்பதற்குள் பின்வாசலில் உறுமி மேளம் கேட்டது.

போய்ப் பார்த்தால், பொருள்களை ஏற்றி இறக்கும் அந்தப் பின்முற்றத்தில் ஒரு பக்கம் லோரிக்காரர், பூ அலங்காரம் செய்த லோரி, உறுமிக் குழு. இன்னொரு பக்கம் வாத்தியார், ஒரு வேன், நாதஸ்வரம், தவில். இரண்டு தரப்பும் தனித்தனியே ஆள் உயர மாலை கொண்டு வந்திருந்தார்கள். உறுமி ஓங்க நாதஸ்வரம் ஓங்க, அடுத்த கட்டடத்து மாடியிலிருந்து சீனக் கிழவர் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். நம் பாதுகாவலர் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். போலீசைக் கூப்பிடட்டுமா என்று அந்தப் பார்வை கேட்டது. வேண்டாம் என்று தலையசைத்தேன். போலீஸ் வந்தால் அம்மன் தடயப் பொருளாகிவிடுவாள். அப்புறம் எந்த வருஷத் தீமிதிக்கு வருவாளோ, அவளுக்கே வெளிச்சம்.

இயக்குநரைக் கூப்பிட்டேன். பினாங்கில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

"வக்கீல் சொல்லாம அத யார்கிட்டயும் கொடுக்கக் கூடாது," என்றார். "நாளைக்கு பேப்பர்ல நம்ம பேரு வந்துச்சுன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல மேடம்."

"கொடுக்க மாட்டேன்," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

இனி நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். இரண்டு தரப்பு வந்து நிற்கும்போது, யார் சொந்தக்காரர் என்று விசாரிக்கப் போகாதீர்கள். அது நீதிபதியின் வேலை. அவருக்கே அது முடிய வருஷக்கணக்காகும். நான் லோரிக்காரரைத் தனியாக அழைத்துப் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். "அம்மா அவங்க கைக்குப் போயிட்டா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?"

"திருவிழா முடிஞ்சதும் உள்ள வெச்சுப் பூட்டிருவாங்க மேடம். அப்புறம் அம்மா எங்க கிட்ட இருக்கு, நாங்கதான் கோயிலுன்னு கோர்ட்ல போய் நிப்பாங்க. எங்களால கிட்டயே போக முடியாதுலா."

வாத்தியாரிடம் போய் அதையே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார். "என்னம்மா புதுசா? சாமி யார் கையிலயோ அவன்தான் தலைவன்னு ஆயிடும். பூட்டிருவானுங்க. சாவி அவனுங்க கிட்டதான் இருக்கும்."

பார்த்தீர்களா? இருவருக்கும் ஒரே பயம். அம்மன் தனக்கு வேண்டும் என்பதைவிட, அடுத்தவனுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் பெரிதாக இருந்தது. மனிதர்களின் ஆசையைத் தீர்த்து வைக்க நம்மால் முடியாது. பயத்துக்கு வேண்டுமானால் ஏதாவது செய்யலாம்.

படிக்கட்டில் ஏறி நின்று கையைத் தட்டினேன். உறுமி நின்றது. தவில்காரர் மட்டும் தன் பங்குக்கு இன்னும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார்.

"யார்கிட்டயும் ஒப்படைக்கப் போறதில்ல," என்றேன். "நானே அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். எங்க வண்டியில. குழிக்கு முன்னால இருக்குற மேடையில வெக்கிறேன். தீமிதி முடிஞ்சதும் நானே திரும்பக் கொண்டாந்துடுறேன், இன்னைக்கே. பூசாரியைத் தவிர யாரும் தொடக் கூடாது. தலைவருங்க ரெண்டு பேரும் மேடைக்குக் கிட்ட வரக் கூடாது. சம்மதம்னா கதவைத் தொறக்குறேன். இல்லன்னா உள்ள போய் டீ குடிக்கப் போறேன்."

பொருளை வெளியே கொண்டுபோவது வேறு, ஒப்படைப்பது வேறு. நம் ஆள் கூடவே போகும்வரை, பொருள் எங்கே இருந்தாலும் அது நம் பொறுப்பில்தான் இருக்கிறது. வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்பும்போது விமானத்தில் கூடவே ஓர் ஆளை அனுப்புகிறோமே, அதே ஏற்பாடுதான். அதற்கு உத்தரவு போடும் அதிகாரம் எனக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தினேன்.

லோரிக்காரர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் வானத்தைப் பார்த்தார். "அவனுங்க சரின்னா நாங்களும் சரி," என்று இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சொன்னார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நம் ஓட்டுநர் ரோஸ்லானை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அவசரம் என்ற சொல்லே தெரியாத மலாய்க்காரர், என்னை 'கக்' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடுவார். பெட்டிக்குள் வைத்து மூடினால் இரண்டு தரப்பும் சந்தேகப்படும், உள்ளே இருப்பது அம்மன்தானா என்று கேள்வி வரும். ஆகவே பெட்டியை விட்டுவிட்டு, வேனின் நடு இருக்கையில் மெத்தை போட்டு, கண்ணாடி வழியாக எல்லாருக்கும் தெரியும்படி அம்மனை நிமிர்த்தி உட்கார வைத்தேன். பக்கத்தில் நான். சுற்றிலும் பஞ்சுத் தலையணை அடைத்தாகிவிட்டது. ரோஸ்லான் திரும்பிப் பார்த்துவிட்டு, "கக், அவருக்கும் பெல்ட் போடணும்," என்று மலாயில் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை. சட்டம் சட்டம்தான் என்ற முகம். போட்டுவிட்டேன். அன்று அம்மனை முழுக்க முழுக்க முறைப்படி நடத்தியது அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலை ஞாயிற்றுக்கிழமையிலும் அடைத்துக்கொண்டு கிடந்தது. முன்னால் நம் வேன், பின்னால் லோரியும் வாத்தியாரின் வேனும். சுபாங் தாண்டியதும் லோரிக்காரர் நம்மை முந்த ஆரம்பித்தார். எனக்கு உடனே புரிந்தது. கோயில் வாசலில் முதலில் போய் இறங்கினால், அம்மனைக் கொண்டுவந்தவர் அவர் என்றாகிவிடும். கைப்பேசிகள் எல்லாம் படம் பிடிக்கக் காத்திருக்கும். லோரி முந்துவதைப் பார்த்ததும் வாத்தியாரின் வேனும் ஒதுங்கிப் பாய்ந்தது. இரண்டுக்கும் நடுவில் அம்மன் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரோஸ்லான், ஓரமா நிறுத்துங்க," என்றேன்.

"இங்கயா கக்?"

"இங்கதான்."

அவசரத் தடத்தில் நிறுத்திவிட்டார். விளக்கையும் மின்ன விட்டார். இரண்டு வண்டிகளும் சற்றுத் தள்ளி நின்றன. வாத்தியார் தரப்பு ஆள் ஒருவர் வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "என்னாச்சு ஆன்டி? டயரா?"

"டயர் நல்லாத்தான் இருக்கு. எனக்கு முன்னால யாரும் போகக் கூடாது. நீங்க ரெண்டு வண்டியும் பின்னால வந்தாத்தான் இது நகரும்."

அந்த இடத்தில் எனக்குப் பயமே இல்லை என்று நினைக்காதீர்கள். குழியில் கட்டைகள் எரிந்து தணலாகிக்கொண்டிருந்தன, நான் சாலையோரம் அம்மனை வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்கிறேன். ஆனால் அங்கே விட்டுக்கொடுத்திருந்தால் கோயில் வாசலில் நான் வெறும் டெலிவரி ஆள். யாரும் என் சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு வண்டிகளும் பின்னால் போயின. மெதுவாகக் கிளம்பினோம்.

கோயிலை அடைந்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. மஞ்சள் உடுத்தி, மணிக்கட்டில் மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டிய காப்போடு தீமிதிக்கிறவர்கள் வரிசையில் நின்றார்கள். அம்மனின் முகம் தெரிந்ததும் அந்த வரிசையிலிருந்து எழுந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சாமி வந்து ஆடுகிற ஆள் இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பூசாரி கையில் தூக்கிக் கொடுத்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த சோதனை உடனே வந்தது. ஒரு குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்திருந்தார்கள். அம்மனுக்கு ஊற்றிவிட்டுத்தான் குழிக்கு நேராக வைக்க வேண்டுமாம். அந்தச் சிலையில் படிந்திருந்த பச்சைத் துருவை நிறுத்த எங்கள் கூடத்தில் வாரக்கணக்கில் உழைத்திருந்தோம். மேலே ஒரு மெல்லிய மெழுகுப் பூச்சு. தண்ணீர் கூடாது என்பது எங்கள் நிபந்தனை.

பூசாரி குடத்தைத் தூக்கியபடி என் முகத்தைப் பார்த்தார்.

மெழுகை மறுபடி பூசலாம். இந்தச் சாயங்காலத்தை மறுபடி கொண்டுவர முடியாது. எதைத் திரும்பச் செய்ய முடியும், எதைத் திரும்பச் செய்ய முடியாது என்று பிரித்துப் பாருங்கள், நெருக்கடியில் பாதி முடிவு தானாக வந்துவிடும். "ஊத்துங்கண்ணே," என்றேன். ஊற்றினார். பிறகு ஒரு மஞ்சள் துண்டை நூலில் கோத்து அம்மனின் மணிக்கட்டிலும் கட்டினார். அதை நான் கவனித்தேன், ஆனால் அதன் பொருள் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தீமிதியை நான் விவரிக்கப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது. பூசாரி கரகத்தோடு அம்மன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கினார். பின்னால் ஒவ்வொருவராக. லெட்சுமி என்ற பெண்ணைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறிக் கடையில் வேலை பார்ப்பவர், நாற்பதை ஒட்டிய வயது. மகனுக்கு நடந்த ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்கு நேர்த்திக்கடனாக, லீவு போட்டுக் கோயிலிலேயே தங்கி விரதம் இருந்தவர். மற்றவர்கள் விரைந்து கடந்தார்கள். இவர் சந்தைக்குள் கூடையோடு நடப்பவர் போல நிதானமாக நடந்து வந்து, பால் ஊற்றிய பள்ளத்தில் கால் நனைத்து, நேராக அம்மன் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

தலைவர்கள் இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். மேடைக்குக் கிட்ட வரவில்லை. ஆளுக்கொரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

எல்லாம் முடிந்து, பொழுது சாய்வதற்குள் கிளம்பலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் உண்மையான நெருக்கடி வந்தது.

"அம்மாவ எங்கக்கா தூக்குறீங்க?" என்றார் ஒரு பெண்.

"பிரிக்பீல்ட்ஸுக்கு. சொல்லித்தானே கொண்டாந்தேன்."

"இதுதான் அம்மா வீடு. வீட்ட விட்டுட்டு எங்க போகும்?"

கூட்டம் நெருங்கி வந்தது. யாரும் முரட்டுத்தனமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டம். கெஞ்சினார்கள். சிலர் அழுதார்கள். பூசாரி கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார். "அக்கா, அம்மாவுக்கும் காப்பு கட்டியிருக்கு. காப்பு கட்டுனா எல்ல தாண்டக் கூடாது. நாளைக்குக் காலையில மஞ்சத் தண்ணி ஊத்தி அவுத்த பொறவுதான் வெளிய போகலாம்."

காப்புக் கட்டியவர்கள் கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். அம்மன் கையில் கட்டியபோது எனக்குத் தோன்றாமல் போயிற்று. இப்போது அங்கே விட்டுவிட்டு வருவதுதான் எவ்வளவு சுலபம்! எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் விட்டுவிட்டு வரவே ஆசையாக இருந்தது. அப்போது தலைவர்களைப் பார்த்தேன். கருவறைப் பக்கத்து அறையின் சாவி லோரிக்காரர் இடுப்பில் இருந்தது. வெளி வாசல் சாவி வாத்தியாரின் ஆளிடம் இருந்தது. இருவர் கண்ணும் என் மேலேயே இருந்தன. நான் கிளம்பிய மறுநிமிடம் எந்தக் கதவு முதலில் பூட்டப்படும் என்று அவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பூசாரியிடம் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன். "அண்ணே, ரெண்டு பேருக்கும் நான் வாக்குக் கொடுத்துட்டேன். அத நம்பித்தான் கதவு தொறந்துச்சு. இன்னைக்கு உங்க கண்ணீரப் பாத்து நான் மாறிட்டேன்னா, அடுத்த வருஷம் என்ன யாரும் நம்ப மாட்டாங்க. அம்மா இந்தக் குழிக்கு முன்னால வரவே மாட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. ஆனா கொண்டுபோகத்தான் போறேன்."

யாரும் நகரவில்லை. ரோஸ்லான் வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அம்மனைத் தூக்கிக்கொண்டு நான் எப்படி நடந்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு பெண் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டே கூட வந்தார். உள்ளே உட்கார வைத்து பெல்ட்டைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தால், மறுபக்கக் கதவு வழியாக லெட்சுமி ஏறி உட்கார்ந்திருந்தார். காலில் இன்னும் சாம்பல் ஒட்டியிருந்தது.

"நானும் வரேன்க்கா. காப்பு அவுக்குற வரைக்கும் அம்மாவத் தனியா விடக் கூடாது."

"நீங்களும் காப்பு கட்டியிருக்கீங்களே. எல்ல தாண்டக் கூடாதுன்னு இப்பத்தானே பூசாரி சொன்னாரு?"

லெட்சுமி பூசாரியைப் பார்த்தார். மொத்தக் கூட்டமும் பூசாரியைப் பார்த்தது. பாவம், அந்த மனிதருக்கு இதற்கு முன்னால் இப்படி ஒரு கேள்வி வந்திருக்காது. குழியோரத்தில் ஆறிக் கிடந்த சாம்பலில் ஒரு பிடி அள்ளி வந்து வேனின் படியில் தூவினார்.

"அம்மா இருக்குற எடந்தான் எல்ல," என்றார். "நீ போ தாயி. நாங்க எல்லாரும் காலையில அங்க வரோம்."

கூட்டம் விலகியது. அன்றிரவு எங்கள் கூடத்தில் அம்மன் பக்கத்திலேயே லெட்சுமி விழித்திருந்தார்.

அவர்கள் வருவார்கள் என்று நான் அவ்வளவாக நம்பவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, எல்லாருக்கும் வேலை. ஆனால் காலையில் பின்முற்றம் நிறைந்துவிட்டது. குடம் குடமாக மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, பிளாஸ்டிக் தொட்டியில் கூழ். இரண்டு தலைவர்களும் வந்தார்கள். கோயிலாக இருந்தால் முதல் மரியாதை யாருக்கு என்று பெரிய ரகளை நடந்திருக்கும். எங்கள் முற்றத்தில் அவர்களுக்கென்று தனி இடம் எதுவும் இல்லாததால், லோரிக்காரர் தண்ணீர்க் குழாய்ப் பக்கமும் வாத்தியார் குப்பைத்தொட்டிப் பக்கமும் நின்று மற்றவர்களைப் போலவே தலையில் மஞ்சள் தண்ணீர் வாங்கிக்கொண்டார்கள். பூசாரி அம்மன் கையிலிருந்த காப்பை அவிழ்த்தார், அப்புறம் லெட்சுமியின் காப்பை, அப்புறம் மற்றவர்களுடையதை.

இயக்குநர் பினாங்கிலிருந்து விடியும் முன் கிளம்பி நேராக வந்திருந்தார். பின்முற்றம் முழுக்க மஞ்சளாக ஓடுவதைப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யார்கிட்டயாவது கொடுத்தீங்களா?" என்றார். இல்லை என்றேன். அம்மன் கண்ணெதிரே இருந்தாள். என்னைக் கடிந்துகொள்ள ஒன்றும் கிடைக்காமல், "இதையெல்லாம் நல்லாக் கழுவச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருஷமும் வழக்கு முடியவில்லை. தீமிதிக்கு அம்மனைக் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோகும்படி இரண்டு தலைவர்களும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டு நம்மிடம் கேட்டார்கள். பிறகு ஒருவழியாகச் சமரசமாகி அம்மன் தன் வீட்டுக்கே போய்விட்டாள். நான் அன்று மாலை அவளைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. கூட்டத்தின் கண்ணீர் உங்களை நல்லவராக்கும் நேரத்தில்தான் நீங்கள் உங்கள் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். அது கசப்பான வேலைதான். ஆனாலும் செய்யுங்கள்.

அன்று காலை எல்லாரும் போன பிறகு, அம்மனைத் துடைத்துச் சேமிப்பறைக்கு எடுத்துச் சென்றோம். லெட்சுமியும் கூடவே வந்தார். போகும் முன் ஒரு தடவை கும்பிட்டுவிட்டுப் போகிறேன் என்றார். அம்மனை அலமாரியில் உட்கார வைத்ததும் கும்பிட்டார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். நம் சேமிப்பறை உங்களுக்குத் தெரியும். மூடப்பட்ட ரப்பர்த் தோட்டத்துத் தேவாலயங்களிலிருந்து வந்த மாதா சிலைகள். இடிக்கப்பட்ட சீனக் கடைவீடுகளின் சாமி மேடைகளிலிருந்து வந்த கருணைத் தெய்வம் குவான் யின் சிலைகள். சாலை அகலமானபோது அப்புறப்படுத்தப்பட்ட முனியாண்டிகள், வேல்கள், சூலங்கள். வரிசை வரிசையாக, அலமாரி அலமாரியாக.

"இவங்கல்லாம் யாருக்கா?"

"இவங்களுக்கு இருந்த இடமெல்லாம் போயிருச்சு. இங்க வெச்சிருக்கோம்."

"எப்ப வந்து கூட்டிட்டுப் போவாங்க?"

நான் அருகிலிருந்த மாதா சிலையின் அடையாளச் சீட்டை நேராக்கினேன்.

"எங்க அம்மாவுக்காவது சண்ட போட ஆளு இருக்கு," என்றார் லெட்சுமி.

தலையில் இருந்த பூச்சரத்தை எடுத்தார். அதை உதிர்த்து, ஒவ்வொரு சிலைக்கு முன்னாலும் ஒரு பூ வைத்துக்கொண்டு போனார். சேமிப்பறைக்குள் பூ கொண்டுவரக் கூடாது, பூச்சி வரும். ஒரு துளி ஈரம் பட்டாலே நான் கத்துகிற அறை அது. தடுக்கத் தோன்றவில்லை. அவர் கடைசி அலமாரி வரை போய் முடிக்கும் வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூ போதாமல், சில சிலைகளுக்கு ஒரே ஒரு இதழ் வைத்தார்.

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, அந்தப் பூக்களையெல்லாம் நானே பொறுக்கினேன். பூ கூடாது என்ற விதி சரியான விதிதான். பொறுக்கி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.